பியூஸைப் பிடுங்கினாலே போதும்!

ஒரு பத்திரிகையை மடக்க வேண்டுமானால் ஆசிரியரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய வைத்தியம். உள்ளே போட்டால் ஊர் முழுக்க அதே பேச்சாகிவிடும்.

1987-ல் ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு, ஒரு அட்டைப்பட ஜோக்குக்காகத் தமிழ்நாட்டு சட்டசபை 3 மாத சிறைத்தண்டனை போட்டது. என்ன ஆச்சு? நாலா பக்கமும் எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே அவரை வெளியே விட வேண்டியதாயிற்று. பிறகு ஐகோர்ட்டு அவருக்கு 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2003 நவம்பரில் "இந்து" பத்திரிகையைச் சேர்ந்த 5 பேருக்கும் "முரசொலி" ஆசிரியருக்கும் அதே சபை 15 நாள் சிறை என்றது. மூன்றே நாளில் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுவிட்டது. இரண்டு தடவையும் மூக்கு உடைந்தது யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

கெட்டிக்கார சர்க்கார் இந்தத் தப்பைச் செய்யாது. பியூஸைப் பிடுங்கும்!

பேச்சுக்குச் சொல்வதல்ல இது. 1975 ஜூன் 25-ந் தேதி இரவு தலைநகர் டெல்லியிலேயே நடந்த சமாச்சாரம். நெருக்கடி நிலை பிரகடனத்தில் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்ட அதே இரவில், பகதூர் ஷா ஜாபர் மார்க் என்ற வீதியில் கரண்ட் நின்றது. பெரிய பெரிய பத்திரிகை ஆபீஸ்கள் வரிசையாக நிற்கிற வீதி அது. அச்சு யந்திரம் ஓடவில்லை. தலைவர்களை விடியவிடியக் கைது செய்த செய்தி ஜனங்கள் கைக்குப் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "ஸ்டேட்ஸ்மன்", "இந்துஸ்தான் டைம்ஸ்" இரண்டும் மறுநாள் வெளிவந்துவிட்டன. சர்க்காருக்கு அவற்றின் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு ஆபீசுக்கும் கரண்ட் கொடுத்தது புதுடெல்லி நகராட்சி. சுவிட்சை அணைக்கச் சொன்னவர்கள் டெல்லி மின்சார நிறுவனத்துக்கு மட்டும் சொன்னார்கள். இன்னொரு சுவிட்ச் இருப்பதை மறந்துவிட்டார்கள்!

அன்றைக்கு எந்த ஆசிரியரின் பேனாவையும் யாரும் பிடுங்கவில்லை. எந்தக் கட்டுரையையும் கிழிக்கவில்லை. மின்சாரத்தை மட்டும் நிறுத்தினார்கள். காரணம், பத்திரிகை என்பது வெறும் எழுத்து அல்ல. அது ஒரு கம்பெனி. அதற்குக் கரண்ட் வேண்டும், காகிதம் வேண்டும், பாங்கிக் கடன் வேண்டும், விளம்பரம் வேண்டும், கட்டடத்துக்கு லைசென்சு வேண்டும். இத்தனை குழாயும் ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. எந்தக் குழாயை எப்போது திருகினாலும் போதும்.

காகிதம்

இந்தக் கைவரிசை 1975-ல் திடீரென்று முளைத்ததல்ல. அதற்கு வெகு காலம் முன்பே பத்திரிகைக் காகிதம் டெல்லியின் கையில் இருந்தது. வெளிநாட்டுக் காகிதத்தை இறக்குமதி செய்ததும் சர்க்கார் வாணிபக் கழகம். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்ததும் சர்க்கார். ரேஷன் கடையில் அரிசிக்கு நிற்கிற மாதிரி பத்திரிகை அதிபர்கள் கோட்டாவுக்கு நின்றார்கள். (விற்பனையைக் கூட்டிக் காட்டி அதிகப்படி காகிதம் வாங்கி, அதைக் கள்ளச் சந்தையில் தள்ளிய புண்ணியவான்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.)

எத்தனை பக்கத்துக்கு என்ன விலை வைக்க வேண்டும் என்றுகூட 1956-ல் ஒரு சட்டம் போட்டார்கள். புனேயில் நடக்கும் மராத்திப் பத்திரிகை "சகால்" கோர்ட்டுக்குப் போனது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. சர்க்கார் விடவில்லை. 1972-ல் வேறு வழியில் வந்தது. 10 பக்கத்துக்கு மேல் போகாதே என்று காகிதக் கொள்கையிலேயே எழுதிவைத்தது.

"டைம்ஸ் ஆப் இந்தியா"வை நடத்தும் பென்னட் கோல்மன் கம்பெனி வழக்குப் போட்டது. அந்த வழக்கில் சர்க்கார் தரப்பு சொன்ன ஒரு வாதம் இன்றைக்கும் யோசிக்கத் தக்கது. "பேச்சுரிமை குடிமகனுக்குத்தான். கம்பெனி என்ன குடிமகனா? அதற்கு ஏது பேச்சுரிமை?" என்றது சர்க்கார். கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கிறது! அந்த நாளில் பெரிய பத்திரிகைகளைச் "சணல் பத்திரிகைகள்" என்று கிண்டல் செய்வது வழக்கம். சணல் ஆலை முதலாளிகளே பத்திரிகை முதலாளிகளாகவும் இருந்ததால் வந்த பேர். முதலாளிக்குச் சாதகமாகத்தான் எழுதுவார்கள் என்ற புகாரிலும் உண்மை இல்லாமல் போகவில்லை.

ஆனால் கோர்ட்டு ஏமாறவில்லை. ஆசிரியரும் பங்குதாரரும் கம்பெனி வழியாகத்தான் பேசுகிறார்கள். கம்பெனியின் குரல்வளையைப் பிடித்தால் அவர்கள் குரல்தான் நிற்கும் என்று 1972 அக்டோபர் 30-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. 10 பக்கக் கட்டுப்பாடு செத்தது. முதலாளி நல்லவரா, கெட்டவரா என்பது ஒரு கேள்வி. அவர் கழுத்தில் சர்க்கார் கையை வைக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்புவது ஆளுங்கட்சிகளுக்கு அன்றும் பிடிக்கும், இன்றும் பிடிக்கும்.

முதலாளி நாற்காலியில் வேறு ஆள்

நெருக்கடி நிலையில் "இந்தியன் எக்ஸ்பிரஸ்" பட்ட பாடு, இந்தக் குழாய் திருகுகிற வித்தைக்கு முழுப் பாடப் புத்தகம். சென்னைக்காரர்களுக்கு இதில் சொந்தமும் உண்டு. அதன் அதிபர் ராம்நாத் கோயங்கா மவுண்ட் ரோடு எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் குடியிருந்து பத்திரிகை நடத்தியவர். "தினமணி"யும் அவர் கம்பெனியின் பத்திரிகைதான். இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூவில் எஸ்கலேட்டரில் ஏறி இறங்குகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

1975 ஜூன் 28-ந் தேதி எக்ஸ்பிரஸ் தலையங்கத்தை வெள்ளையாக விட்டு வெளிவந்தது. தணிக்கை அதிகாரியிடம் காட்டித்தான் அச்சடிக்க வேண்டும் என்ற உத்தரவுக்கு அதுதான் பதில். டெல்லிக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு வரிசையாக ஆரம்பித்தது.

முதலில் சர்க்கார் விளம்பரம் போனது. பொதுத்துறை நிறுவனங்களின் விளம்பரமும் கூடவே போனது. பாங்கிகள் 1969 முதலே சர்க்கார் சொத்து. கடன் கேட்டால் கையை விரித்தன. கம்பெனிச் சட்டத்தில் வழக்கு, வரி வழக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. வயதான மனிதர் கோயங்கா, உடம்பும் படுத்தியது. கடைசியில் கம்பெனியின் இயக்குநர் குழுவையே மாற்றி அமைத்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? கே.கே. பிர்லா. போட்டிப் பத்திரிகையான இந்துஸ்தான் டைம்சின் அதிபர்!

எதிர்க் கடைக்காரரைக் கூட்டிவந்து கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, "உன் கடை உனக்குத்தான்" என்று சொன்னால் எந்த வியாபாரி ஒப்புவான்? சட்டப்படி பார்த்தால் எல்லாம் சரி. பத்திரிகை தனியாருடையது. இயக்குநர் குழுவும் தனியார். பறிமுதல் என்ற பேச்சே கிடையாது.

ஆசிரியர் முல்கோக்கர் வெளியே போக வேண்டியதாயிற்று. பொறுப்புக்கு வந்தவர் வி.கே. நரசிம்மன், தமிழர். சாந்தமான மனிதர், சொன்னபடி கேட்பார் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அவரும் வளையவில்லை. கோயங்காவும் உடம்பு தேறி எழுந்து, இயக்குநர் குழுவில் தன் பிடியைத் திரும்ப நிலைநாட்டினார். உடனே 1976-ல் சொத்து வரி பாக்கி என்று டெல்லி அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். கோர்ட்டு தலையிட்டுத்தான் அது திறந்தது.

கோயங்கா தாக்குப்பிடித்தார். அவர் பணக்காரர், பிடிவாதக்காரர், கோர்ட்டுக்குச் செலவழிக்க அஞ்சாதவர். அந்தத் தெம்பு மற்றவர்களுக்கு இல்லை. பெரும்பாலான அதிபர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். "குனியச் சொன்னால் தவழ்ந்தார்கள்" என்று பத்திரிகைகளைப் பற்றி அத்வானி பிறகு சொன்னது அதைத்தான்.

பாட்டுக்கும் பூட்டு

பத்திரிகையோடு நிற்கவில்லை. பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி என்று 4 செய்தி ஏஜென்சிகள் தனித்தனியாக இருந்தன. எதுவுமே சர்க்கார் இலாகா அல்ல. ஆனால் அகில இந்திய வானொலி அவற்றின் பெரிய சந்தாதாரர். அந்தச் சந்தா நின்றால் சம்பளம் போட முடியாது. 1976 பிப்ரவரியில் நாலும் ஒன்றாகி "சமாச்சார்" ஆயின. நாலு வாய்க்குப் பதில் ஒரே வாய். அவை மறுபடி பிரிந்து தனியாக நிற்க 1978 வரை ஆனது.

இந்திப் பாடகர் கிஷோர் குமார் கதை இன்னும் கேவலம். சர்க்கார் பிரச்சாரத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று 1976 மே மாதம் அவர் பாட்டு ரேடியோவிலும் டெலிவிஷனிலும் நின்றது. அதுகூடப் பரவாயில்லை, ரேடியோ சர்க்காருடையது. அவர் பாடிய கிராமபோன் ரிக்கார்டுகளின் விற்பனையையே முடக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். ரிக்கார்டு போட்டது தனியார் கம்பெனி. விற்றது தனியார் கடை. அதில் சர்க்காருக்கு என்ன ஜோலி? பின்னால் ஷா கமிஷன் விசாரித்தபோது இதெல்லாம் பைலோடு வெளியே வந்தது.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 வரை தி.மு.க. ஆட்சி இருந்ததால் அடி கொஞ்சம் தாமதமாக விழுந்தது. ஆட்சி கலைந்த நாலாம் நாள் அண்ணா நினைவு நாள். மிசாவில் பிடிபட்டவர்கள் பேரை அச்சடிக்கத் தணிக்கை விடாது. முரசொலி என்ன செய்தது? அண்ணா சமாதிக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. படித்த ஒவ்வொரு தொண்டனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தணிக்கை அதிகாரியின் பென்சிலை ஏய்க்கலாம். காகிதம் இல்லாமல் பேப்பர் போட முடியுமா? கரண்ட் இல்லாமல் முடியுமா?

1977-ல் ஆட்சி மாறியதும் புதிய சர்க்கார் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பத்திரிகைகளை வேண்டியவை, வேண்டாதவை, இரண்டும் அல்லாதவை என்று தரம் பிரித்து வைத்து, அதன்படி விளம்பரம் அளந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. ஜோசியர் கட்டம் போடுகிற மாதிரி டெல்லியில் பத்திரிகைகளுக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள்!

ஆட்சி மாறும், பழக்கம் மாறாது

நெருக்கடி நிலை முடிந்ததோடு பழக்கம் போய்விட்டதா? 1980-ல் டெல்லி எக்ஸ்பிரஸ் கட்டடத்தின் புதுப் பகுதியை ஏன் இடிக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. அதைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்ய 1985 ஆகிவிட்டது. 1981-ல் வெளிநாட்டுக் காகிதத்தின் மேல் 15 சதவீதச் சுங்க வரி வந்தது. மறு ஆண்டில் பெரிய பத்திரிகைகளுக்கு டன்னுக்கு 550 ரூபாய் என்று அதை மாற்றினார்கள். 1984 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, வரி போட உரிமை உண்டு, ஆனால் கழுத்தை நெரிக்கிற அளவுக்குப் போடக்கூடாது, திரும்ப யோசியுங்கள் என்றது. யோசித்தார்களா? 2019 பட்ஜெட்டில் காகிதத்தின் மேல் 10 சதவீத வரி திரும்பவும் வந்தது. கூச்சல் எழுந்ததும் 2020-ல் 5 ஆகக் குறைந்தது.

காகிதக் கோட்டா ஒழிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது வலுவான பிடி விளம்பரம்தான். வாசகர் எண்ணிக் கொடுக்கிற காசு, அச்சடித்த காகிதத்தின் விலைக்கே பத்தாது. மிச்சத்தை ஈடுகட்டுவது விளம்பரம். டெண்டர் நோட்டீஸ், ஏல அறிவிப்பு, திட்டத் தொடக்க விழா, தலைவர் பிறந்த நாள் என்று அதில் பெரும் பங்கு சர்க்காருடையது. சின்னப் பத்திரிகைக்கு அதுதான் சோறு.

இதற்கு எழுத்தில் உத்தரவு எதுவும் தேவைப்படுவதில்லை. அதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். ஒரு செய்தி வருகிறது. மந்திரிக்கு மனக்கசப்பு. அடுத்த மாதம் விளம்பரப் பில் வராது. மேனேஜர் போய் விசாரிப்பார். "மேலே கொஞ்சம் கோவமா இருக்காங்க சார்" என்பார் ஒரு குமாஸ்தா. மேனேஜர் அதிபரிடம் சொல்வார். அதிபர் ஆசிரியரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்து எழுதுங்களேன்" என்பார். நிருபருக்கு அது போய்ச் சேரும்போது, "அந்தப் பக்கமே போகாதே" என்று ஆகியிருக்கும். தனியார் விளம்பரமும் தப்பாது. சிமெண்டு, பஸ், கட்டட பர்மிட், காண்டிராக்ட் என்று சர்க்காரிடம் காரியம் உள்ள எந்த முதலாளி, மந்திரிக்கு ஆகாத பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுப்பார்?

பேப்பர் வாங்குகிற ஆள் இதில் எதையும் பார்ப்பதில்லை. தன் தெருவில் 10 நாளாகத் தண்ணீர் வரவில்லை, பேப்பரில் மட்டும் குடிநீர்த் திட்டம் பிரமாதம் என்று வருகிறதே என்பது ஒன்றுதான் அவர் கண்ணில் படும். "இவனும் விலை போயிட்டான்" என்று சொல்லி அடுத்த பேப்பரை எடுப்பார். அங்கேயும் அதே படம், அதே சிரிப்பு. சாயங்காலம் டி.வி.யைப் போட்டால் ஒரே செய்தி ஒரு சானலில் சாதனை, அடுத்த சானலில் வேதனை. எந்தச் சானல் எந்தக் கட்சிக்கு என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும்.

காஷ்மீரத்தில் 2019-ல் நடந்ததைப் பார்த்தால் விளம்பரப் பிடியின் பலம் புரியும். அங்கே தனியார் தொழில் குறைவு. சர்க்கார் விளம்பரமே பத்திரிகைகளுக்கு உயிர்நாடி. "கிரேட்டர் காஷ்மீர்", "காஷ்மீர் ரீடர்" என்ற 2 பத்திரிகைகளுக்கு அதை நிறுத்தினார்கள். காரணம் சொல்லவில்லை. மார்ச் 10-ந் தேதி அந்தப் பள்ளத்தாக்கின் பத்திரிகைகள் பல, முதல் பக்கத்தை வெள்ளையாக விட்டு வெளிவந்தன. 1975-ல் டெல்லியில் தணிக்கையால் வந்த அதே வெள்ளை. இந்தத் தடவை தணிக்கை அதிகாரி என்று ஒருவர்கூட இல்லை!

டெலிவிஷனுக்கு இன்னொரு குழாய் இருக்கிறது: லைசென்சு. கேரளத்தின் "மீடியா ஒன்" சானலுக்குப் பாதுகாப்பு அனுமதி கிடையாது என்று சொல்லி 2022 ஜனவரி 31-ந் தேதி ஒளிபரப்பை நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மூடி முத்திரை வைத்த கவரில் நீதிபதிக்கு மட்டும் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கே குற்றம் என்னவென்று தெரியாத விசாரணை! 2023 ஏப்ரல் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது. சர்க்காரின் கொள்கையைக் குறை சொல்வதே தேசத்துக்கு ஆபத்து என்று ஆகிவிடாது என்றும் சொன்னது.

கோர்ட்டு காப்பாற்றுகிறது, சரி. 1980-ல் வந்த நோட்டீசுக்கு 1985-ல் தீர்ப்பு. கையில் நாலு மாதச் சம்பளத்துக்குப் பணமில்லாத பத்திரிகை அதுவரை உயிரோடு இருக்குமா?

ஆளுங்கட்சிகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. "எங்களைத் திட்டுகிற பத்திரிகைக்கு ஏன் விளம்பரம் கொடுக்க வேண்டும்?" கட்சிப் பணத்தில் கொடுத்தால் இந்தக் கேள்வி சரி. டெண்டர் நோட்டீசுக்குப் போகிற பணம் கட்சிப் பணம் அல்ல. பெட்டிக்கடைக்காரர் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. அவர் வாங்குகிற பேப்பருக்கு அதில் பங்கு கிடையாது என்று சொல்ல மந்திரி யார்?

2015 மே மாதமே சுப்ரீம் கோர்ட்டு சர்க்கார் விளம்பரத்துக்கு நெறிமுறை வகுத்தது. கட்சி வளர்க்க விளம்பரம் கூடாது, குறிப்பிட்ட பத்திரிகைகளுக்குச் சலுகை காட்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. யார் யார் போட்டோ போடலாம் என்பதில்தான் சர்க்கார்களுக்கு அக்கறை பிறந்தது. மறு ஆண்டே முறையிட்டு, முதல்-மந்திரிகள் படம் போட அனுமதி வாங்கிவிட்டார்கள். சலுகை காட்டாதே என்ற வரியை யாரும் தூசிதட்டி எடுத்ததாகத் தெரியவில்லை.

விளம்பரத்தைப் பங்கிடுகிற வேலையை மந்திரியின் மேஜையிலிருந்து எடுத்து, விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கிற ஒரு குழுவிடம் கொடுக்கலாம். நிறுத்துவதானால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி போடலாம். அது வருகிறவரை கணக்காவது வெளியே வரட்டும். செய்தித் துறை மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வருகிற நாளில், எந்தப் பத்திரிகைக்கு, எந்தச் சானலுக்கு, போன வருஷம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஏதாவது ஒரு கட்சி எம்.எல்.ஏ. எழுந்து கேட்கட்டும். ஆளுங்கட்சியாக இருந்தபோது கேட்காதவர்கள் எதிர்க்கட்சியானதும் கேட்டாலும் சரிதான். யாரும் கேட்கவில்லையானால் தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.